தாடியில்லாத ராஜா

அறுபத்து மூன்றில், தங்கக் கட்டுப்பாடு வந்த வருஷம்தான் பாக்கியலக்ஷ்மி வெள்ளி சேர்க்க ஆரம்பித்தாள். ஆனால் அதற்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தமில்லை. அவள் கணவன் நல்லசிவம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் மேஸ்திரி. விலை ஏறப்போகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மிளகு வாங்கிப் போட்டான். விலை இறங்கிவிட்டது. அதில் அவளுடைய சங்கிலியும் வளையல்களும் போயின. டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்துப் போய் விற்றுவிட்டு, அப்புறம்தான் அவளிடம் சொன்னான்.

அவள் அழவில்லை. தையல் மிஷினில் வருகிற காசை இனிமேல் அவன் கண்ணில் படாதபடி வைக்கவேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் செல்லப்பா என்று ஒரு வெள்ளி வியாபாரி இருந்தார். அவர் மகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த பழக்கத்தில் அவரிடம் போனாள்.

"கொலுசு வேண்டாம் அண்ணாச்சி. சேர்த்து வைக்கிற மாதிரி வேணும்."

"அப்ப வெள்ளைக்காரன் காலத்துப் பழைய வெள்ளி ரூபாய் வாங்கு. கொலுசில் கூலி, சேதாரம் எல்லாம் போகும். ரூபாயில் அது கிடையாது" என்றார் அவர். பம்பாயிலிருந்து வந்த ஒரு வெள்ளிப் பாளத்தையும் எடுத்துக் காட்டினார். செங்கல் மாதிரி இருந்தது. மேலே முத்திரை குத்தியிருந்தது. "இது சொக்க வெள்ளி. கலப்பே இல்லை. ஆனா மொத்தமா வாங்கணும். உனக்குச் சில்லறையா ரூபாய்தான் சரி. ஒரு ரூபாய் ஒரு தோலா எடை. அதில் எழுதியிருக்கிற விலையைப் பார்க்காதே, மாற்றைப் பாரு."

"மாற்றுன்னா?"

"பன்னிரண்டு பங்கில் எத்தனை பங்கு வெள்ளிங்கிறது. ராணி தலை ரூபாயிலும் தாடி வச்ச ராஜா ரூபாயிலும் பதினொரு பங்கு வெள்ளி. கடைசி ராஜா, தாடியில்லாதவர், அவர் ரூபாய்தான் கவனிச்சு வாங்கணும். நாற்பதாம் வருஷத்திலிருந்து யுத்தத்துக்காகப் பாதிக்குப் பாதி கலந்துட்டாங்க. எடை ஒண்ணுதான், சத்து பாதி. அதுக்கும் பின்னால் வந்ததில் வெள்ளியே இல்லை. நான் விற்கும்போது ஒரு விலை, நான் வாங்கும்போது அதைவிடக் கொஞ்சம் கம்மி. அதையும் இப்பவே தெரிஞ்சுக்கோ."

அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. கையில் காசு சேரும்போதெல்லாம் ஒன்றோ இரண்டோ வாங்கினாள். மத்தியானம் நல்லசிவம் கிட்டங்கியில் இருக்கும் நேரத்தில் அவற்றைப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு பார்ப்பாள். கூட உட்கார்ந்து பார்ப்பது மூக்கம்மாள்.

மூக்கம்மாள் நல்லசிவத்தின் அக்கா. அவள் புருஷன் சுப்புராஜ் பள்ளுருத்தியில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் தம்பி வீட்டில்தான் இருந்தாள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். ஆனால் ரூபாய்களைக் கண்டால் முகம் தெளியும்.

"இதுல கலப்பு உண்டா பாக்கியம்?"

"இல்ல மதினி. தாடி இருக்குல்லா. இது நல்ல வெள்ளி."

பார்த்து முடித்ததும் ரூபாய்களைக் காடாத் துணிப் பையில் போட்டு, அரிசிப் பானையின் அடியில் வைத்துவிடுவாள். ஒரு பை நிறைந்தால் அதன் வாயைத் தைத்துவிட்டு இன்னொன்று. தைத்த பையைத் திரும்பத் திறப்பதில்லை. அவ்வப்போது கையில் தூக்கி எடை பார்ப்பதோடு சரி.

அறுபத்தெட்டில் சுள்ளிக்கல்லில் ஒரு சின்ன ஓட்டு வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, சொந்தக் கிணறு. வெள்ளி விலையும் ஏறியிருந்தது. பாக்கியலக்ஷ்மி அன்றுதான் முதல்முறையாக நல்லசிவத்திடம் பைகளைக் காட்டினாள். அவன் பைகளைக் கையில் தூக்கிப் பார்த்தான். சந்தோஷத்தில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "நீ ஆளு பெரிய ஆளுதான்" என்று இரண்டு தடவை சொன்னான். மறுநாள் அவளே பைகளைத் தூக்கிக்கொண்டு செல்லப்பாவின் கடைக்குப் போனாள்.

செல்லப்பா முதல் பையின் அடிப்பக்கத்தைக் கத்தரித்துத் தட்டில் கொட்டினார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது நான் கொடுத்ததில்லையேம்மா."

அத்தனையும் தாடியில்லாத ராஜா. நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து. இரண்டாவது பையும் அப்படியே. கடைசிப் பையில் மட்டும் அவள் வாங்கிய ரூபாய்கள் இருந்தன.

"யாரோ நல்லதை எடுத்துட்டு இதைப் போட்டிருக்காங்க. எண்ணிக்கையும் எடையும் மாறாது. நல்லதைக் கொடுத்தா இதுல ஒண்ணும் மிச்சத்துக்குக் காசும் தர்ற கடை இந்தத் தெருவிலேயே இருக்கு" என்றார் செல்லப்பா.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நல்லசிவம் சாப்பிட வந்திருந்தான். சோற்றில் கை வைத்திருந்தான்.

"நேத்துக் காட்டும்போது ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னீங்களே! எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"என்ன தெரியும்?"

"நடிக்காதீங்க. சங்கிலியைத் தின்னீங்க, வளையலைத் தின்னீங்க. இதையும் விடலையா?"

அவள் பைகளை அவன் முன்னால் கொட்டினாள். ரூபாய்கள் உருண்டு ஓடின. மூக்கம்மாள் அடுக்களையில் நின்றிருந்தாள், வெளியே வரவில்லை. நல்லசிவம் ஒரு ரூபாயை எடுத்துப் பார்த்தான். அவனுக்கு அதில் எதுவும் புரியவில்லை.

"சத்தியமா நான் தொடல, பாக்கியம்."

"உங்க சத்தியத்தை யாரு கேட்டா?"

அவன் கையைக் கழுவிவிட்டுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கிட்டங்கியிலேயே சாக்கு விரித்துப் படுக்கிறான் என்று பக்கத்து வீட்டுச் சேட்டன் வந்து சொன்னார்.

மூன்றாம் நாள் காலை பைகளை உதறி மடிக்கப் போனபோதுதான் பாக்கியலக்ஷ்மி தையலைப் பார்த்தாள். பைகளின் வாயை அவள் மிஷினில்தான் தைத்திருந்தாள். இரண்டு பைகளில் அந்தத் தையல் பிரிக்கப்பட்டிருந்தது. அதே துளைகளில் ஊசி விட்டு, நூல் நெருக்கமாக, கையால் திரும்பத் தைத்திருந்தது. நல்லசிவத்துக்குச் சட்டைப் பித்தான் வைக்கக்கூடத் தெரியாது.

அவள் அடுக்களைக்குப் போனாள். மூக்கம்மாள் கப்பைக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"மதினி."

மூக்கம்மாள் நிமிர்ந்து அவள் கையிலிருந்த பையைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு நெஞ்சுல சீக்கு. ரத்தமா வருது" என்றாள். "அந்தப் பொண்ணு சந்தையில வந்து என் கையைப் பிடிச்சுட்டு அழுதா. ஊசி வாங்க வழியில்லைன்னா. நான் என்ன செய்வேன்?"

"உங்களை விட்டுட்டுப் போன மனுஷனுக்கா?"

"அவருக்குத்தான்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"கேட்டா கொடுத்திருப்பியா?"

பாக்கியலக்ஷ்மி பையைக் கீழே வைத்தாள். கொடுத்திருக்கமாட்டாள். அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"எது நல்லது, எது கலப்புன்னு நீதான எனக்குச் சொல்லித் தந்த" என்றாள் மூக்கம்மாள். குத்திக்காட்டுகிற தொனி அதில் இல்லை. "தம்பியை நீ ஏசும்போதே வெளியே வந்து சொல்லியிருக்கணும். கால் வரல."

பாக்கியலக்ஷ்மி நேராகக் கிட்டங்கிக்குப் போனாள். மிளகுத் தூசியில் நல்லசிவத்தின் கண்கள் சிவந்திருந்தன. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அத்தான் உயிரோட இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்டான்.

அன்றைக்கே அக்காவைக் கூட்டிக்கொண்டு பள்ளுருத்திக்குப் போனான். சுப்புராஜ் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அவனை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குக் கடைசிப் பை ரூபாயும் போயிற்று. பாக்கியலக்ஷ்மியே அதைத் தூக்கிக் கொடுத்தாள். ஆனாலும் மழைக்காலம் முடியுமுன் அவன் இறந்துபோனான். சுள்ளிக்கல் வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். மூக்கம்மாள் திரும்பி வரவில்லை. அந்தப் பெண்ணோடும் அவள் பிள்ளைகளோடும் பள்ளுருத்தியிலேயே இருந்துகொண்டாள்.

நல்லசிவம் ஒரு வார்த்தைகூட ஏசவில்லை. "உனக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்ல. முன்னால செஞ்சவன்தான நான்" என்றதோடு நிறுத்திக்கொண்டான். ஏசியிருந்தால் அவளும் அழுது தீர்த்திருப்பாள். அதன்பிறகு சம்பளத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவான். தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்வதில்லை.

ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பியவன் வாசல்படியில் தயங்கி நின்றான்.

"ஒரு சாயாவுக்குக் காசு தர்றியா?"

"இதையெல்லாமா கேட்டுக்கிட்டு நிப்பாங்க? சட்டைப் பையில கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று அவள் சில்லறையை அள்ளி நீட்டினாள்.

அவன் சாயாவுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை அவள் உள்ளங்கையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.