இழவு சொல்ற மூஞ்சியா இது?

அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் சூப்பர்வைசரம்மா வைத்ததுதான் சட்டம். லீவுக்காக ஒரே பாட்டியை மூன்று தடவை சாகடித்தவர்களை எல்லாம் கட்டி மேய்த்தவள். "எங்கிட்ட பொய் சொல்லணும்னா முதல்ல மூஞ்சியை மாத்திக்கிட்டு வரணும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அவளுக்குப் பிடிபடாத முகம் ஒன்றே ஒன்றுதான், பெற்ற மகளுடையது. அவளும் அதே ஹோட்டலில், வரவேற்பில் வேலை பார்த்தாள். கொஞ்சினாலும் திட்டினாலும் அசையாத பார்வை ஒன்று பார்ப்பாள். "உங்கிட்ட பேசறதுக்கு இஸ்திரிப் பெட்டிகிட்ட பேசலாம், அது சூடாவாவது ஆகும்" என்று தாய் அலுத்துக்கொள்வாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று விட்டும்விட்டாள்.

துணி மடிக்கும் மேஜைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். வேறு நாட்டுக்காரி. கை சுறுசுறுப்பு, பேச்சு மட்டும் தட்டுத் தடுமாறி வரும். ஒருநாள் இஸ்திரி போடும்போது நல்ல விரிப்பு ஒன்றைக் கருக்கிவிட்டாள். சூப்பர்வைசரம்மா போட்ட சத்தத்தில் கூடமே அடங்கிப்போனது. அந்தப் பெண்ணோ சிரித்தாள்.

"என்ன பல்லைக் காட்டுற? கிண்டலா?"

சிரிப்பு இன்னும் அகலமானது. அன்றிலிருந்து அவளைக் கண்டாலே சூப்பர்வைசரம்மாவுக்கு ஆகாது.

அடுத்த வாரம் ஒரு காலை, எல்லோரும் வேலையில் மும்முரமாக இருந்த நேரம். மகள் வரவேற்பறை மேஜைகளுக்கு விரிப்பு வாங்கிப்போக வந்து நின்றிருந்தாள். புதுப்பெண் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மேடம், எங்க அப்பா செத்துப்போச்சு. ஊருக்குப் போகணும். லீவு." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சூப்பர்வைசரம்மா இடுப்பில் கை வைத்தாள். "இழவு சொல்ற மூஞ்சியா இது? நல்லாப் பாருங்கடி, அப்பன் செத்தா இப்படித்தான் இளிக்கணுமாம்!"

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். புதுப்பெண்ணும் சிரித்தாள். பிறகு தலை குனிந்து, விட்ட இடத்திலிருந்து துணி மடிக்கப் போனாள். மகள் அம்மாவையே வெறித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் முடிந்தும் புதுப்பெண்ணைக் காணோம். போன் நோண்டிக்கொண்டிருப்பாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று சூப்பர்வைசரம்மா துணி அறைக் கதவைத் தள்ளினாள். அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள் அவள். நினைத்தபடி கையில் போன்தான். அதில் ஒரு கிழவர் கண்மூடிக் கிடந்தார். நெற்றியும் தாடையும் அப்படியே இவளுடையவை. சுற்றிலும் ஆட்கள். யாரோ அங்கே போனைப் பிடித்து இவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முட்டியில் வைத்திருந்த துண்டு நனைந்து ஊறிப்போயிருந்தது.

ஆள் வந்ததைக் கண்டதும் பதறி எழுந்தாள். முகத்தை அவசரமாகத் துடைத்தாள். துடைத்த கையோடு, வீங்கிய கண்களோடு, சிரித்தாள்.

"சாரி மேடம். வேலை வரேன்."

சூப்பர்வைசரம்மா கையமர்த்தினாள். "இரு, இரு" என்றாள். தன் வாய் கோணி அசடு வழிவதை அவளே உணர்ந்தாள். செத்தவரின் முகத்துக்கு முன்னால் தானும் இளித்துக்கொண்டு நிற்கிறோம்! கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பக்கம் யாரும் போகாதபடி வெளியே நின்றுகொண்டாள்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. மகளிடம் சொன்னாள்.

"நெஜமாவே செத்துட்டாருடி. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொன்னா, நான் எதை நம்பறது?"

"அவ ஊர்க்காரங்க நாலு பேர் எங்க செக்‌ஷன்ல இருக்காங்கம்மா. பெரியவங்ககிட்ட துக்கம் சொல்றப்ப அப்படித்தான் சொல்லுவாங்க. நம்ம கஷ்டம் அவங்க தலையில ஏறக்கூடாதாம்."

"தெரிஞ்சும் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"அவ்வளவு பேர் முன்னாடி உன்னை எப்படிம்மா எதிர்த்துப் பேசறது? அதான் உன்னை அப்படிப் பார்த்தேன்."

"எப்படிப் பார்த்த? எப்பவும் போலத்தானே நின்ன!"

"இல்லம்மா," என்றாள் மகள். அதே அசையாத முகம். ஆனால் கீழுதடு லேசாகத் துடித்தது. "எப்பவும் போல இல்ல."

தாய் தட்டைத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக மேனேஜரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லி அந்தப் பெண்ணுக்கு லீவு வாங்கினாள். கூடத்தில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொன்னாள். சிரித்தவர்கள் எல்லோரும் பார்க்கப் புதுப்பெண்ணின் முன்னால் போய் நின்றாள்.

"உன் அப்பா போனதை நான் நம்பல. கேலி பேசினேன். தப்பு என்னுதும்மா. நீ இன்னிக்கே ஊருக்குக் கிளம்பு."

அந்தப் பெண் அவள் வாயையே பார்த்து ஒவ்வொரு சொல்லாகப் புரிந்துகொண்டாள்.

"வேண்டாம் மேடம். நேத்து முடிஞ்சுபோச்சு. இப்ப போய் யாரைப் பாக்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மன்னித்தாளா, மரியாதைக்குச் சிரித்தாளா, அழுகையைத்தான் விழுங்கினாளா, சூப்பர்வைசரம்மாவுக்கு விளங்கவில்லை. அவள் பக்கத்தில் நின்று, அந்தப் பெண் மடிக்க எடுத்த விரிப்பின் மறுமுனையை எடுத்துப் பிடித்தாள்.