ஆளுயர வேலி

பாதையின் இருபுறமும் ஆளுயரச் செடிகள் பைகளோடு அணிவகுத்து நின்றன. விடிந்தால் குழி வெட்டிவிடுவார்கள். வெட்டிவிட்டால் கதை முடிந்தது.

அந்தக் கல்லூரி வளாகத்துக்குச் செடி, மரம் எல்லாம் எங்கெங்கே என்று வரைபடம் போட்டவளை எல்லோரும் 'கத்தரி' என்றுதான் கூப்பிடுவார்கள். கிளையையும் வெட்டுவாள், பேச்சையும் வெட்டுவாள். நூலகத்திலிருந்து பெண்கள் விடுதிவரை அவள் வரைந்தது வேறு: முழங்காலுக்குக் கீழே செடி, தலைக்கு மேலே கிளை, நடுவில் கண்ணுக்கு வழி. தாளாளரின் மனைவி ஏதோ பத்திரிகையில் பச்சைச் சுவர் போல ஒரு வேலியைப் பார்த்தார். அன்றோடு வரைபடம் மாறிவிட்டது.

விடுதிக் காப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலி வந்து பாதையை மறைத்தால் இருட்டும் முன்பே கதவைப் பூட்டிவிடுவாராம். நூலகம் திறந்திருந்து என்ன புண்ணியம்? பெண்களின் மாலைப் படிப்பு அத்தோடு சரி. இதைத் தாளாளரிடம் சொல்லிச் சொல்லிக் கத்தரிக்கு நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

செடிகளைக் கொண்டுவந்த நாற்றுப்பண்ணைக்காரன் அவளுடைய சொந்தத் தம்பி. அவன் தலையைச் சொறிந்தான்.

"நட்டுட்டுப் போயிடலாமேக்கா. உனக்கு எதுக்கு வம்பு?"

"வம்புதான். நீ லாரிய மட்டும் அனுப்பிடாத."

விளக்கு போடும் நேரத்துக்குத் தாளாளரை வரச் சொல்லியிருந்தாள். நூலகத்திலிருந்து தனியாக நடந்து வர வேண்டும், அவள் விடுதி வாசலில் காத்திருப்பாள் என்பதுதான் ஏற்பாடு. இந்த வயதில் எனக்கே பரீட்சையா என்று சிரித்துக்கொண்டேதான் கிளம்பினார்.

பாதி வழியில் சரக்கென்று ஒரு சத்தம்.

நின்றார். காற்று இல்லை, இலை மட்டும் அசைந்தது. யாரது என்று கேட்டார். பதில் இல்லை. நடையை எட்டிப் போட்டார். இலைகளுக்கு அப்பால் இன்னொரு நடையும் எட்டிப் போட்டது. அவர் நின்றால் அதுவும் நின்றது. மிச்ச தூரத்தைத் தாளாளர் ஓடியே கடந்தார். ஒற்றைச் செருப்பு வழியிலேயே தங்கிவிட்டது.

வாசலில் நின்ற கத்தரி விசில் ஊதினாள். வேலிக்குப் பின்னாலிருந்து மகளிர் கூடைப்பந்து அணி ஒவ்வொருத்தியாக வெளியே வந்தது. அணித்தலைவியின் கையில் அவருடைய செருப்பு.

"நம்ம பிள்ளைங்கதான் சார்," என்றாள் கத்தரி. "ஆனா அது உங்களுக்குத் தெரியல பாருங்க. வேலிக்குப் பின்னால யாருன்னு இவங்களுக்கும் தினம் தெரியாது."

தாளாளர் மூச்சு வாங்கிக்கொண்டே வேலியைத் திரும்பிப் பார்த்தார்.

"சரிம்மா, லாரில ஏத்தச் சொல்லு. வீட்டுல நான் என்ன பதில் சொல்றது?"

"நீங்க ஏன் சொல்லணும்? நாளைக்கு இதே நேரத்துக்கு அவங்களையும் நடக்கச் சொல்லுங்க. செடி அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

தாளாளர் அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"வேண்டாம் தாயி. அவ ஓட மாட்டா. நேரா வந்து என்னத்தான் பிடிப்பா. இப்பவே ஏத்து."

தம்பி லாரியைப் பின்னால் எடுக்க ஓடினான். கத்தரி தன் பழைய வரைபடத்தை விரித்து நீட்டினாள்; பேனாவையும் நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அணித்தலைவி செருப்பைக் கீழே வைத்தாள்.