மரத்துப்போன வலது கால்

உத்திரமேரூர் டாக்சி ஸ்டாண்டில் மணவாளன்தான் மூத்த டிரைவர். நாள் முழுக்க அம்பாசிடரில் உட்கார்ந்து, கண்ட நேரத்தில் கண்டதைத் தின்று, சர்க்கரை வியாதியைத் தேடிக்கொண்ட மகராசன். வலது பாதம் மரத்து மாதக்கணக்காகிறது. என்ஜின் சூட்டில் உள்ளங்கால் கொப்பளித்ததையே அவன் மனைவி கஸ்தூரி சொல்லித்தான் தெரிந்துகொண்டான்.

"வெளிய சொன்னா எவன் என் வண்டில ஏறுவான்?" என்று அவள் வாயையும் அடைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற புத்தி.

அன்று மத்தியானம் பாஞ்சாலி தன் மகள் லீலாவதியைப் பிரசவ வலியோடு கொண்டுவந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போ என்று மருத்துவச்சி கைவிரித்திருந்தாள். லீலாவதியைப் பின்சீட்டில் படுக்கவைத்து, கூட வந்த அவள் நாத்தனார் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். பாஞ்சாலி முன்னால் ஏறினாள்.

செய்யாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு வைக்கோல் வண்டி குறுக்கே திரும்பியது. மணவாளன் பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை, பாய்ந்தது. கால் ஆக்சிலேட்டர் மேல் இருந்திருக்கிறது. பதறிப்போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். வைக்கோலை உரசிக்கொண்டு கார் நின்றது.

"இன்னா நைனா, குடிச்சிட்டு கீறியா?" என்று கத்தினாள் பாஞ்சாலி.

பின்னால் லீலாவதி அலறினாள். இனியும் மானத்தைப் பார்த்தால் இரண்டு உயிர் போய்விடும் என்று மணவாளனுக்கு உறைத்தது.

"இல்லம்மா. காலு மரத்துப்பூட்ச்சி. எதும்மேல கீதுன்னே தெரில. நா ரோட்ட பாக்கறேன், நீ என் கால பாத்து சொல்லிக்கினே வா. நடுவுல கீறது பிரேக்கு, ஓரத்துல கீறது ஆக்சிலேட்டர்."

"அடப் படுபாவி!" என்றாள் பாஞ்சாலி. அதற்குமேல் திட்ட நேரமில்லை. குனிந்துகொண்டாள்.

"ஓரத்துல கீது... ஓரத்துல... ஐயோ, பஸ்சு ஹாரன் கேக்குதே, நடுவுக்கு வா நைனா, நடுவுக்கு!"

ஓர் ஆட்டு மந்தைக்கு முன்னால் பாதம் நழுவியது. அவளே கணுக்காலைப் பிடித்துத் தூக்கிப் பிரேக்கின் மேல் வைத்து அழுத்தினாள். மணவாளன் சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

பொழுது சாயும் நேரம் பாஞ்சாலி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். மணவாளன் காரின் மேல் சாய்ந்து நின்றிருந்தான்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் பொழச்சிக்கினாங்க."

கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு தயங்கித் தயங்கி, "யம்மா, காலு விசயம் ஸ்டாண்டுல..." என்றான்.

அவள் கையை நீட்டினாள். "சாவிய குடு. உள்ள வந்து டாக்டராண்ட கால காட்டு."

"இத வுட்டா எனுக்கு சோறு இல்லம்மா."

"என் மவளுக்கு நா குனிஞ்சி பாத்துக்கினு வந்தேன். நாளைக்கு ஏறப்போறவளுக்கு யாரு பாப்பாங்க?"

மணவாளன் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு வாய்விட்டு அழுதான்.