கதவில் வெண்கட்டி

“எங்கட கதவை மட்டும் அழிச்சிருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் ஏனம்மா எல்லாற்ற—”

“சத்தம் போடாத. கதவைச் சாத்திப்போட்டுக் கதை, படியில ஆக்கள்—”

“எல்லாற்ற கதவையும் ஏன் துடைச்சனீங்கள் எண்டு கேக்கிறன்!”

“ஆர் எழுதினது எண்டு நான் கேக்கிறன். முதல் அதுக்கு மறுமொழி சொல்லு!”

“நான்தான் எழுதினது!”

மக்டலீனின் கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது. வாளித் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. எதிரே மகள் நீற்றா நின்றாள். ஞானஸ்நானப் பெயர் அன்ரனிற்றா. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நீற்றா. தலையில் பொன்தாள் ஒட்டிய ராசமுடி, தோளிலிருந்து கணுக்கால்வரை தொங்கும் சிவப்பு அங்கி. ராசா வேசம் போட்ட அந்தப் பன்னிரண்டு வயதுக்காரிக்கு மூக்கு விடைத்து, கண்ணீர் வழிந்தது.

“நீயோ? உனக்கென்ன விசரே, கண்ட கண்ட கதவுகளில கிறுக்கித் திரிய?”

“கிறுக்கேல்லையம்மா, அது ஆசீர்வாதம். பாலனைக் கும்பிட வந்த மூவிராசாக்களின்ர திருநாளுக்கு இஞ்ச வீடு வீடாப் போய்ப் பாடிப்போட்டுக் கதவில எழுதிறது. வருசமும், ராசாக்களின்ர முதலெழுத்துகளும். சுவாமியார் மந்திரிச்சுத் தந்த வெண்கட்டி. அடுத்த வருசம்வரைக்கும் ஒருத்தரும் தொடுறேல்ல!”

“பாடப் போறன் எண்டுதானே சொன்னனீ. வெண்கட்டி எண்டு ஒரு சொல்லுச் சொன்னனீயோ?”

“சொன்னா விட்டிருப்பியளே? ஏழைப் பிள்ளையளுக்குக் காசு சேர்க்க உண்டியலோட போறன் எண்டதுக்கே, அகதியா வந்தது காணாதெண்டு பிச்சையும் எடுக்கப் போறியோ எண்டு கேட்டனீங்கள்.”

“கேட்டனான்தான். இப்பவும் கேப்பன். மூண்டு பேரில ஒருத்தர் கறுப்பு ராசாவெல்லே, அதுக்கு ஆள் தேவைப்பட்டிருக்கும், உன்னைப் பிடிச்சவை. மை பூசிற வேலை மிச்சம்.”

“கரி பூசினது ஸ்ரெபான்! நான் மற்ற ராசா. நெட்டையெண்டு எழுதிறதுக்கும் என்னைத்தான் விட்டவை.”

அழுகைக்கு நடுவிலும் அந்தக் கடைசிச் சொல் கொஞ்சம் நிமிர்ந்துதான் வந்தது.

ஜெர்மன் நகரமான பானின் ஓரத்திலிருந்த இந்த நாலுமாடி அடுக்குவீட்டின் மேல்மாடிக்கு, அகதி முகாமை விட்டு அவர்கள் குடிவந்தது போன இலையுதிர் காலத்தில்தான். அதற்கு முந்திய கோடையில் எல்லாக் கதவுகளுக்கும் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். பழைய எழுத்தொன்றும் மிஞ்சவில்லை. மக்டலீன் அதைக் காண வழியில்லை. ராசாக்கள் போகும் வழியில் மேல்மாடியும் இருக்கவில்லை. வெளிநாட்டுக்காரர், கதவு திறப்பார்களோ தெரியாது என்று அங்கே போகாமல் விடுவதுதான் வழக்கமாம். “அது எங்கட வீடு, நாங்களும் வேதக்காரர், கத்தோலிக்கர்தான்” என்று நீற்றா கேட்டு வாங்கிய ஏற்றம் அது. அவர்கள் வந்தபோது அப்பா லோறன்ஸ் உணவகத்தில் சட்டி கழுவப் போயிருந்தார், அம்மா கடைக்குப் போயிருந்தாள். பூட்டிய கதவுக்கு முன்னாலே மூன்று ராசாக்களும் முழுப்பாட்டையும் பாடினார்கள். நீற்றா குதியை உயர்த்தி, தன்னிடமிருந்த நல்ல கையெழுத்தையெல்லாம் சேர்த்து நிலைக்குக் கீழே எழுதினாள். அம்மா வந்து பார்க்கட்டும் என்று ஒன்றும் சொல்லாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தால், அம்மா வாளியோடு கீழ்மாடியில் நிற்கிறாள். கடைசிக் கதவு அப்போதுதான் துடைத்து முடிந்திருந்தது. அது ஃப்ராவ், அதாவது திருமதி, ஹில்கர்ஸின் கதவு. இருவரும் மேலே ஏறி வீட்டுக்குள் வந்ததும் சண்டை தொடங்கியது.

“அவதானம்மா எங்களுக்கு அங்கி தைச்சுத் தந்தது. நாளைக்குப் பூசையில ராசாக்கள் எல்லாரும் பீடத்தைச் சுத்தி நிக்கிறது. ஆர் நிக்கிறது, ஆர் நிக்கேலாது எண்டு அவதான் சொல்லுறது. இனி என்னை அந்தப் பக்கமே எடுக்கமாட்டினம். வெளிநாட்டுக்காரரின்ர மாடிக்கு ஏறினது பிழையெண்டுதான் சொல்லுவினம். ஏனம்மா செய்தனீங்கள்? கேக்கிறன், சொல்லுங்கோவன்!”

மக்டலீன் வாய் திறக்குமுன் கதவு தட்டுப்பட்டது.

தட்டுகிற விதத்திலேயே ஆளைத் தெரிந்தது. ஃப்ராவ் ஹில்கர்ஸ் இந்த வீட்டிலேயே பிறந்து இந்த வீட்டிலேயே முடி நரைத்தவர். படி கழுவும் முறை யாருக்கு என்று அட்டை தொங்கவிடுபவரும் அவர்தான்.

“யாரோ போக்கிரி எல்லா எழுத்தையும் அழித்துவிட்டான்,” என்றார் ஜெர்மனில், மூச்சு வாங்கியபடி. “என் கதவில், எதிர்க்கதவில், எல்லாவற்றிலும். நீ யாரையாவது பார்த்தாயா?” சொல்லி முடித்தபோது அவருடைய கண் வாளியில் போய் நின்றது.

நீற்றாவுக்கு நாக்கு முந்தியது.

“இந்தக் கிழமை அம்மாவின் முறை. படி கழுவினா. படியோடு சேர்த்துக் கதவுகளையும் கழுவிவிட்டா. அம்மாவுக்குத் தெரியாது.”

“கதவா? அட்டையில் படி என்றுதானே எழுதியிருக்கிறேன்?”

மக்டலீனுக்கு ஜெர்மன் வராது. ஆனால் கழுவுதல், துடைத்தல் என்ற சொற்கள் மட்டும் நன்றாக வரும்; இந்த நாட்டில் முதல் காதில் விழுந்தவை அவைதாம்.

“பிள்ளை, என்ன சொன்னனீ அவவுக்கு?”

“ஒண்டுமில்லை. நீங்கள் பேசாம நில்லுங்கோ.”

“படி கழுவேக்க அழிபட்டுப் போச்செண்டோ சொன்னனீ?”

“அம்மா, அப்பிடிச் சொன்னா முடிஞ்சுது. அவ போயிடுவா.”

“என்னைப் பயந்தவள் எண்டு நினைக்கட்டும், விசரி எண்டு நினைக்கட்டும். ஆசீர்வாதம் எது, அழுக்கு எது எண்டு தெரியாத மடைச்சி எண்டு நினைக்கப்படாது. நான் சொல்லுறதைச் சொல்லு. கூட்டாமக் குறைக்காமச் சொல்லு.”

“அம்மா, வேண்டாம். பள்ளிக்கூடம் முழுக்கக் கதை போயிடும்.”

“போகட்டும். சொல்லு. எங்கட நாட்டில, வெள்ளவத்தையில நாங்கள் இருந்த ஒழுங்கையில, தமிழற்ற வீடுகளை எரிச்ச எண்பத்து மூண்டுக் கலவரத்துக்கு முதல்நாள், எங்கட கேற்றில ஆரோ வெண்கட்டியால ஒரு குறி போட்டுவிட்டிருந்தவை.”

நீற்றா அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஜெர்மனில் சொன்னாள். ஒழுங்கை என்பதற்குச் சொல் அகப்படாமல் ஒரு முறை நின்று, தெரு என்று சொல்லிக் கடந்தாள்.

“இவளின்ர அப்பா பாத்துப்போட்டு, தண்ணிப் பைப்புக்காரர் போட்டதாக்கும் எண்டார். நானும் ஓமெண்டு விட்டிட்டன். அடுத்த நாள் அடிக்க வந்தவை ஒருத்தரிட்டயும் வீடு விசாரிக்கேல்ல. ஒழுங்கைக்குள்ள நேரா நடந்து எங்கட கேற்றுக்குத்தான் வந்தவை.”

இதை நீற்றா கேட்டதேயில்லை. அவளுக்கு நினைவிருந்ததெல்லாம் பின்மதிலால் தன்னைத் தூக்கிப் போட்டதும், ஒரு செருப்பு மதிலுக்கு அந்தப் பக்கமே தங்கிப்போனதும், பக்கத்து வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திப் பிடித்திருந்ததும்தான். குறியைப் பற்றி அம்மாவும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. முதன்முதலாகக் கேட்கிற கதையை இன்னொரு பாசையில் தானே சொல்ல வேண்டியிருந்தது. கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

“எல்லாக் கதவையும் ஏன் என்று கேள்,” என்றார் ஃப்ராவ் ஹில்கர்ஸ்.

“அதைத்தான் நானும் வந்ததிலயிருந்து கேக்கிறன். எல்லாத்திலயும் இருந்ததே அம்மா, பிறகேன் எங்களுக்கெண்டு நினைச்சனீங்கள்?”

“ஏறேக்கக் கடைப்பையளோட குனிஞ்சு ஏறினனான். மேல வந்து நிமிர்ந்தாத்தான் கண்டது. எங்கட கதவிலயும், எதிர்வீட்டுப் போத்துக்கீசரின்ர கதவிலயும். இறங்கேக்க மற்றதுகளிலயும் கண்டனான்தான். அதுக்குப் பிறகு மூளை வேலை செய்யேல்ல, கைதான் வேலை செய்தது. எங்கட கதவை மட்டும் துடைச்சா, துடைச்ச கதவுதான் எங்கட எண்டு அறிஞ்சிடுவினமே? போத்துக்கீசரின்ரயை விட்டா அதுகளிட்டப் போயிடுவினமே? எல்லாத்தையும் துடைச்சிட்டா, வாறவனுக்கு ஆரைத் தெரியும்?”

நீற்றா சொல்லி முடித்தாள். பீடத்தைச் சுற்றி நிற்கிற வாய்ப்புப் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு, தலையிலிருந்த முடியைக் கழற்றிக் கையில் எடுத்தாள். அவர் திருப்பிக் கேட்கப்போகிற பொருளைக் கேட்கமுன்னமே கொடுத்துவிடலாம் என்பதுபோல.

ஃப்ராவ் ஹில்கர்ஸ் அதை வாங்கவில்லை. சுவரோரமிருந்த, சப்பாத்துகள் வைக்கும் மரப்பெட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தார். அப்படி அவர் பிறர் வீட்டில் கேளாமல் உட்கார்ந்து யாரும் கண்டதில்லை.

“இந்த வீட்டிலும் ஒரு தடவை எழுதினார்கள்,” என்றார். “யுத்தத்துக்கு முன்னால், அப்போது நான் உன்னைவிடச் சின்னவள். இரண்டாம் மாடியில் ஒரு யூதக் குடும்பம் இருந்தது. அவர்களுடைய கதவில். நாங்கள் எல்லோரும் அந்தக் கதவைத் தாண்டித்தான் ஏறி இறங்கினோம்.”

“என்னவாம்?” என்றாள் மக்டலீன்.

நீற்றா சொன்னாள்.

“ஆர் துடைச்சதாம்?”

அதை நீற்றா கேட்க வேண்டியிருக்கவில்லை. கிழவிக்கு அம்மாவின் முகத்திலேயே கேள்வி விளங்கியிருந்தது.

“ஒருத்தரும் துணி கொண்டு வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லு.”

மக்டலீன் வாளியைக் காலால் ஓரமாக்கினாள். என்ன செய்வதென்று தெரியாமல், “தேத்தண்ணி குடிக்கிறாவோ எண்டு கேள்,” என்றாள்.

“பிறகு குடிக்கலாம்,” என்று எழுந்தார் ஃப்ராவ் ஹில்கர்ஸ். குரல் பழையபடி அட்டை தொங்கவிடுகிற குரலாகிவிட்டது. “தண்ணீருக்குள் சவர்க்காரம் போட்டாவா? புதுச் சாயம்.”

“சவுக்காரம் போட்டனீங்களோ எண்டு கேக்கிறா.”

“எங்க நேரமிருந்தது, சவுக்காரம் போட?”

“போடவில்லையாம்.”

“நல்லது. வெண்கட்டி மிச்சம் இருக்கிறதா உன்னிடம்? அப்படியானால் எழுது. ஆனால் பாட்டில்லாமல் எழுதக்கூடாது, அது வெறும் கிறுக்கல்.”

“மற்ற ராசாக்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.”

“ஏன், இங்கே மூன்று பேர் நிற்கிறோமே?”

நீற்றா இதைத் தமிழில் சொன்னதும் மக்டலீனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைச் சேலைத்தலைப்பால் பொத்தினாள். “ஐயோ, நானோ? எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ராசாவுக்குச் சேலையும் சரிவராது.”

“ஈரக் கதவில் வெண்கட்டி பிடிக்காது,” என்றார் கிழவி. “காய்ந்த துணியோடு முன்னால் போகச் சொல்லு.”

கீழ்மாடியிலிருந்து தொடங்கினார்கள். மக்டலீன் கதவைத் துடைத்து, புறங்கையால் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் நீற்றா எழுதலாம். ஃப்ராவ் ஹில்கர்ஸின் பாட்டு தகரத்தில் ஆணி கீறுவதுபோல் இருந்தது. நீற்றா அதற்கு மேலால் கத்திப் பாடினாள். இரண்டாம் மாடியில், பாட்டு முடிந்த பிறகும் கிழவி ஒரு கதவுக்கு முன்னால் அப்படியே நின்றார். மக்டலீன் அவருடைய முழங்கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் அப்படியே பிடித்தபடி ஏறினார்கள். மூன்றாம் மாடியில் மக்டலீனுக்கு மெட்டு பிடிபட்டது. சொல்லில்லாமல் கூட முனகினாள். மேல்மாடிப் போத்துக்கீசப் பெண் மாவுக்கையோடு வெளியே வந்து, மூவரையும் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

“நாளைக்கு அங்கியைக் கசக்காமல் கொண்டு வா,” என்றார் ஃப்ராவ் ஹில்கர்ஸ், மூச்சு வாங்கிக்கொண்டே. “கசங்கிய ராசாவைப் பீடத்துக்குப் பக்கத்தில் விடமாட்டேன். முடியைக் கையில் வைத்திருக்காதே, தலையில் வை.”

நீற்றா அதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. முடியைத் தலையில் வைத்தாள். அது ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. மக்டலீன் எட்டி அதை நேராக்கிவிட்டாள்.

“நல்லா வடிவாத்தான் இருக்கிறாய்,” என்றாள், வேண்டாவெறுப்பாகச் சொல்வதுபோல.

மிஞ்சியிருந்தது அவர்களுடைய கதவு. வெண்கட்டி விரல்நகம் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. நீற்றா குதியை உயர்த்தி, அம்மாவுக்குப் பயமாயிருக்கக்கூடாதே என்று, நிலையோடு ஒட்டிய மூலையில் மிகச் சின்னதாக முதல் இலக்கத்தைத் தொடங்கினாள். பின்னாலிருந்து மக்டலீன் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கொஞ்சம் பெரிசா எழுது பிள்ளை. படியேறி வாற ஆக்களுக்குத் தெரியோணும், இஞ்ச ஆர் இருக்கினம் எண்டு.”