லோதார் ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எங்கள் சபைப் போதகர் யூடித் கேட்டுக்கொண்டார். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"ஞாயித்துக்கிழமை உங்க செட்டோட அம்பதாம் வருஷத் திடப்படுத்தல் விழா வருதில்லம்மா? சனிக்கிழமை வர்ற சபைப் பத்திரிகையில போட ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. விசுவாசத்தினாலதான் நீதிமான் ஆகறோம், கிரியையால, நாம செய்யற நல்ல காரியத்தால இல்லன்னு கதையா சொல்லுங்க. உங்களுக்குத்தான் எழுத வருமே."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கும்போதுதான் கோபம் வந்தது. இந்த உபதேசத்துக்கு என்னிடம் இருப்பது ஒரே கதை. அதில் நீதிமான் ஆகிறவன் லோதார்.

2

முதல் தொடக்கம்: *எங்கள் சாக்சனி மலைகளில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலை* — வேண்டாம். பனி இறங்கினால் நீங்கள் இளகிவிடுவீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: *லோதார் ஒரு துரோகி.* (உண்மைதான். ஆனால் கதை இந்த வரியிலேயே முடிந்துபோகிறது.)

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். 1979, கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலம். சபையின் பித்தளை வாத்தியக் குழுவில் என் தம்பி ஹைனரும் லோதாரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இரண்டு பேருக்கும் டிராம்போன். பள்ளிப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கூடாது என்று ஹைனர் ரகசியமாகத் துண்டுப்பிரசுரம் அடித்தான். சைக்ளோஸ்டைல் இயந்திரம் கோயில் ஆர்கனின் துருத்தி அறையில் ஒளிந்திருந்தது. லோதார் அதை உளவுக்காரர்களிடம் சொல்லிவிட்டான். ஹைனருக்கு இருபது மாதம் சிறை. நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வந்தவன், மூன்றாம் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி, எங்கள் செட்டுக்காரி கெர்லிண்டுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அடக்க ஆராதனையில் லோதார் டிராம்போன் வாசித்தான். நன்றாகவே வாசித்தான், பாவி.

அந்த அரசு கவிழ்ந்து, உளவுக் கோப்புகளைப் படிக்க விட்டபோதுதான் சொன்னது யார் என்று காகிதத்தில் பார்த்தேன்.

3

லோதார் என்ற பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. அவன் முயல் வளர்ப்பவன். குட்டிகளைச் சட்டைக்குள் வைத்துச் சூடு காட்டுவான். அதை எழுதினால் உங்களுக்கு அவனைப் பிடித்துப்போகும். எனவே முயல்களைக் கதையிலிருந்து நீக்கிவிட்டேன்.

(நீக்கவில்லை என்று தெரிகிறது. போகட்டும்.)

கோப்பைப் படித்த வாரம் ரொட்டிக் கடை வாசலில் அவனை மறித்தேன்.

"படிச்சிட்டேன் லோதார்."

"தெரியும்."

"அவ்வளவுதானா?"

"பழைய பாஸ்டர்கிட்ட எல்லாத்தையும் அறிக்கை பண்ணிட்டேன் கூட்ரூன். மூணு நாள் அழுதேன். கர்த்தர் மன்னிச்சிட்டாரு."

"கெர்லிண்ட் மன்னிச்சாளா? நான் மன்னிச்சேனா?"

"உங்க கால்ல வந்து விழுந்தா அது கிரியை ஆயிடுமே. நான் இதைச் செஞ்சேன், அதனால சுத்தமாயிட்டேன்னு ஆயிடும். கிருபையோட நம்ம பங்குன்னு எதையும் சேர்க்கக் கூடாதுன்னுதானே படிச்சோம்?"

அவன் நடிக்கவில்லை. நடித்திருந்தால் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுப் போயிருப்பேன். ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தேர்வில் சரியான விடை சொன்ன பையன்போல நின்றான்.

[அடிக்குறிப்பு: மற்ற ஊர்களில் குற்றவாளி வெட்கத்தால் மன்னிப்புக் கேட்காமல் இருப்பான், திமிரால் கேட்காமல் இருப்பான். உபதேசம் கெட்டுவிடும் என்று பயந்து கேட்காமல் இருப்பவனை எங்கள் ஊரில்தான் பார்க்கலாம்.]

போன வாரம் யூடித்திடம் இதைச் சொன்னேன்.

"அவர் புரிஞ்சுக்கிட்டது தப்பும்மா. விசுவாசம் வந்தா காலு தானா அந்த வீட்டு வாசலுக்கு நடக்கும்."

"அப்ப அவனுக்கு விசுவாசமே இல்லன்னு எழுதட்டுமா?"

"அதை நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது."

பின்னே யார்தான் சொல்வது? பீடத் துணியை முப்பது வருஷமாக வெளுத்துத் தேய்த்து விரிப்பவள் நான். காட்டிக்கொடுத்தவனுக்கு எல்லாம் இலவசம். எனக்கு எரிகிறது. இந்த உபதேசத்தின் மேலேயே எரிகிறது. யூடித், இந்த வரியை வெட்டாதீர்கள்.

4

*இயந்திரம் துருத்தி அறையில் இருப்பது லோதாருக்கு எப்படித் தெரிந்தது என்றால்* —

நான் எழுதிப் பார்த்த மூன்று பிரதிகளிலும் இந்த வாக்கியம் இங்கேயே நிற்கிறது. நீங்களாவது கேட்டிருக்கலாம்.

ஹைனர் அவனிடம் சொல்லவில்லை. சொன்னது நான். வாத்தியப் பயிற்சி முடிந்து லோதாரோடு நடந்து வருவேன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. என் தம்பி எவ்வளவு தைரியசாலி என்று அளந்துவிட்டேன், என்னையும் ஒரு மாதிரி பெரிய ஆளாக நினைப்பான் என்று. கோப்பில் அப்படியே இருக்கிறது: 'சகோதரி தெரிவித்தபடி.'

கடைசிக் குளிர்காலத்தில் ஹைனர் கேட்டான்: "அக்கா, யாரு சொல்லியிருப்பாங்க?"

"தெரியலடா" என்றேன்.

தெரியும். நான் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன். கோப்பு வருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே எனக்குத் தெரியும். துரோகி என்று அவனை எழுதினேனே, அந்த வரிக்குள் நானும் நின்றுகொண்டிருந்தேன். ரொட்டிக் கடை வாசலில் அவன் இதை என் முகத்தில் வீசியிருக்கலாம். வீசவில்லை. அதை நல்ல குணம் என்று எழுத எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை.

5

விழாவில் நாங்கள் பதினொரு பேர், பதினாலு வயதில் திடப்படுத்தல் பெற்று முதல் திருவிருந்துக்கு நின்ற அதே வரிசையில் பீடத்தைச் சுற்றி நிற்போம். எங்கள் சபையில் திருவிருந்துப் பாத்திரத்தைப் போதகர் ஒவ்வொருவருக்கும் கொடுப்பதில்லை. குடித்தவர் அடுத்தவர் பக்கம் திரும்பி, "கிறிஸ்துவின் இரத்தம், உனக்காக" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முடிவு அ: லோதார் கையை நீட்டுகிறான். நான் அவனைத் தாண்டிப் பாத்திரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

முடிவு ஆ: அழுதுகொண்டே அவனுக்குக் கொடுக்கிறேன். (தூ.)

இரண்டிலும் கொடுப்பவள் நான். நேற்று யூடித் வரிசைப் பட்டியலை அனுப்பினார். லோதார் எனக்கு முன்னால் நிற்கிறான். அவன்தான் எனக்குக் கொடுக்க வேண்டும், 'உனக்காக' என்று சொல்லி. பட்டியலைக் கசக்கி எறிந்தேன், திரும்ப எடுத்து நீவினேன்.

எனக்கு அடுத்த பெயர் கெர்லிண்ட்.

'நீங்கள்' என்று இதுவரை யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். அது பசப்பு. கெர்லிண்ட், சனிக்கிழமை காலை நீ காப்பியோடு இதைப் படிப்பாய். உன் வீட்டுக்கு நேரில் வந்து சொல்ல முப்பத்திரண்டு வருஷம் இருந்தது. நான் வரவில்லை. என்னிடம் உபதேசச் சாக்குகூடக் கிடையாது. மன்னித்துவிடு என்று கேட்கிறேன். இது கிரியை என்று லோதார் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

அவன் கையிலிருந்து நான் வாங்கிக் குடிப்பேன். அதுவரை முடிவு செய்துவிட்டேன், கோபத்தோடேதான். பிறகு உன் பக்கம் திரும்பி, 'உனக்காக' என்று பாத்திரத்தை நீட்டுவேன்.

நீ வாங்கினாயா என்பதை நான் எழுத மாட்டேன். அது நீ எழுத வேண்டிய வரி.