வெறுங்கூடை

முத்துக் குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை மேலே நின்று பிடிப்பவன் மச்சான்தான். தன் தங்கையைக் கைம்பெண்ணாக்க எந்த அண்ணனுக்கும் மனம் வராது என்பதால் வந்த வழக்கம். எனக்கும் மனம் வரவில்லை. அதனால்தான் என் தங்கை ஆமினாவின் கணவன் வஸீரின் கயிற்றை இனித் தொடமாட்டேன் என்று அரிப்பு என்னும் ஊரின் கடற்கரையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

பின்னே என்ன செய்வது? வெள்ளைக்காரத் துரைமார் அனுமதி கொடுத்த அபின் கடை கரையிலேயே இருந்தது. போன முத்துக்குளிப்பில் இவன் அபினைத் தின்றுவிட்டு இறங்கினான். தூக்கச் சொல்லிக் கீழிருந்து கயிற்றை இழுக்க வேண்டியவன் இழுக்கவே இல்லை. பொறுத்துப் பார்த்து நானாகவே தூக்கினேன். மூக்கால் இரத்தம் வடிகிறது, முகத்தில் சிரிப்பு.

"ஏன் மச்சான் தூக்கினீங்க? கீழ ஒரே பச்சை வெளிச்சம். மீனெல்லாம் நித்திரையில போகுது. எனக்கு வர மனமில்லை."

பாவி.

ஆமினா அழுது மன்றாடி அவனை ஹவ்வா உம்மாவின் வீட்டில் சேர்த்தாள். அபினை விட்ட குளிகாரர் சிலர் சேர்ந்து தங்கியிருந்த வீடு அது. உம்மாவின் ஒரே மகனை அபின்தான் கொண்டுபோனது. அவன் படுத்த அறையைப் பூட்டிவைக்க அவருக்கு மனமில்லை. ஒவ்வொரு பாய்க்கு மேலும் ஒரு கயிறு தொங்கும். அதன் மறுநுனியில், அடுப்படியில், ஒரு தகரக் குவளை. ஆசை வந்தால் இழுக்க வேண்டும். சத்தம் கேட்டவர் வந்து பக்கத்தில் உட்காருவார். புத்தி சொல்லக்கூடாது.

"வாயால சொல்ல ஆம்பிளையளுக்கு வெக்கம். கயிறு இழுக்கிறது உங்கட தொழில்தானே" என்றார் உம்மா.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் பின்னேரங்களில் அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை. சோழகக் காற்று அறை அறையாக நடமாடும். வெயில் ஓலைக்குள்ளால் இறங்கிப் பாய்களின்மேல் தண்ணீர்போல அசையும். வெளியே கழுதைகள் நின்றபடியே உறங்கும். நான் இருப்பது கரையிலா கடலுக்கடியிலா என்று எனக்கே மயக்கமாகிவிடும். எங்கோ ஒரு குவளை ஆடும். யாரோ சத்தமில்லாமல் எழும்பிப் போவார்கள்.

வஸீரின் குவளை மட்டும் ஆடியதே இல்லை.

"நல்லாத்தானே இருக்கிறான்" என்றேன்.

"எனக்கு இவனிலதான் பயம்" என்றார் உம்மா. "மற்றவங்க இழுக்கிறாங்க. இவன் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறான். கடலுக்கடியிலயும் இப்பிடித்தானே கிடந்தவன்?"

அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

அடுத்த குளிப்பு வந்தது. நான் மாட்டேன் என்றால் கண்டவனிடமும் கயிற்றைக் கொடுத்துவிட்டு இவன் இறங்குவான் என்று தெரியும். "காக்கா, நீங்க பிடிச்சாத்தான் எனக்கு நித்திரை வரும்" என்று தன் அண்ணனான என்னிடம் சொன்னாள் ஆமினா. திட்டிக்கொண்டே தோணியில் ஏறினேன்.

வஸீர் பிஸ்மில்லாஹ் சொல்லி, மூக்கைப் பொத்தி, சிப்பிக் கூடையோடு, ஆழத்துக்கு இழுக்கும் கல்லில் கால் வைத்து இறங்கினான். கயிறு என் உள்ளங்கையால் ஓடி, பிறகு நின்றது. கடல் கண்ணாடியாகக் கிடந்தது. இது அசையாவிட்டால் ஆமினாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கயிறு அசைந்தது. அவன் வழக்கமாக இழுக்கும் நேரத்துக்கு வெகு முந்தியே.

கயிற்றை வாரி அவனைத் தூக்கினேன். கூடையில் ஒரு சிப்பிகூட இல்லை. தோணியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "மாப்பிள்ளை கடல் பாக்கப் போனவர் போல" என்றான் ஒருவன்.

வஸீர் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"திரும்பவும் அந்த வெளிச்சம் வந்தது மச்சான். இங்கயே இருந்திடு எண்டிச்சு. அதுதான் இழுத்தனான்."

திட்டுவதற்கென்று நான் சேர்த்துவைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. கண்தான் நிறைந்தது. அவனை உள்ளே இழுத்தேன். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, அவனுடைய ஈரத் தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்தேன். தோணியை நடத்தும் தண்டல் நேரம் போகிறது என்று கத்தினார். கத்தட்டும் என்று நான் எழும்பவே இல்லை.