ஒரு பாட்டில் ரோஷம்

மானுட குலத்தின் நன்மையை முன்னிட்டு, அந்த நீராவிச் சலவை ஆலையின் மேலாளர் ஒரு பிரகடனம் செய்தார். இன்று முதல் எவரும் தாகம் எடுத்த பிறகு தண்ணீர் குடிக்கக் கூடாது; தாகம் என்பது நிர்வாகத் தோல்வி. மணிக்கு ஒரு பாட்டில் வெறும் தண்ணீர், சங்கு ஊதியதும் குடித்துவிட வேண்டும். கழிவறைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் போகலாம். குடித்த தண்ணீர் அதுவரை எங்கே போய் நிற்கும் என்பதைப் பிரகடனம் தொடவில்லை.

மேலாளர் தானே முன்மாதிரியாக, கைக்குழந்தை மாதிரி ஒரு பெரிய பாட்டிலை அணைத்துக்கொண்டு திரிந்தார். பேச்சில் முற்றுப்புள்ளிக்கு ஒரு மடக்கு, காற்புள்ளிக்கு அரை மடக்கு. ஆலை அவருக்குத் ‘தண்ணி சார்’ என்று பெயர் வைத்தது.

கஞ்சியக்காவின் வேலை, ஓட்டல் மேசைவிரிப்புகளுக்குக் கஞ்சி போட்டு, சூட்டு உருளையில் ஒரு பக்கம் தொளதொளவென்று கொடுத்து மறுபக்கம் விறைப்பாக வாங்குவது. அந்த அனலில் சீருடை முதுகு நனைந்து, காய்ந்து, உப்புக் கோடு படிந்துவிடும். ஒருநாள் கெண்டைக்கால் சுருட்டி இழுத்து, கண் இருட்டி, துணிக்குவியலின் மேல் சரிந்தாள்.

தண்ணி சார் வந்தார். குனியக்கூட இல்லை.

“ஏம்மா, சங்கு ஊதினப்ப பாட்டிலைக் காலி பண்ணியா? சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கிற? கொஞ்சமாவது ரோஷம் வேணாம்?”

கூடமே சிரித்தது. அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பக்கத்து உருளையில் நின்ற சொந்த ஓரகத்தியும் சேர்ந்து சிரித்தாள். கஞ்சியக்கா வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு கைப்பேசி வழியாக முந்திப் போய், மாமியார், நாத்தனார், கொழுந்தன் என்று ஒவ்வொருவர் வாயிலும் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

“விடேன், அவன் கெடக்கான்” என்றான் புருஷன்.

“விடறதா? அந்தாளு மொதலாளி முன்னாடி கொடலைப் பெரட்டி வாந்தி எடுக்கணும். அதை நான் நின்னு பாக்கணும். அப்புறம் விடறேன்.”

வசதியாக, மேலாளரே வழி செய்து கொடுத்தார். பாட்டிலின் அருமை தெரியாதவளுக்குப் பாடமாக, அவருடைய பாட்டிலை நிரப்பித் தரும் கைங்கரியம் அவள் தலையில் கட்டப்பட்டது.

முதலாளி வரும் நாளில் தண்ணி சார் தலையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். கணக்கரை ‘டிரைவர்’ என்றார். துவைக்கும் இயந்திரத்துக்கு வணக்கம் வைத்தார்.

“என்னக்கா, நெசமாவே தண்ணி போட்டுட்டு வந்துட்டாரா?” என்றாள் ஓரகத்தி.

“நான்தானே ரொப்பிக் குடுக்கறேன். வெறும் தண்ணிடி.”

“வெறும் தண்ணிக்கே இந்த ஆட்டமா!”

கஞ்சியக்கா உள்ளே போய்ப் பாட்டிலில் உப்பைக் கொட்டினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். முதல் மடக்கிலேயே துப்பிவிடுவான். முக்கால்வாசியைக் கீழே ஊற்றிவிட்டுத் தண்ணீர் சேர்த்தாள். உப்பு தெரியாமல் இருக்கச் சர்க்கரை போட்டாள். சர்க்கரை தெரியாமல் இருக்க எலுமிச்சை பிழிந்தாள். வஞ்சம் பதமாகக் கலந்து வந்தது.

“என்னம்மா, வாசனையா இருக்கு?”

“மொதலாளி வர்ற நாளு சார். ஸ்பெஷல்.”

அவர் குடித்தார். இன்னொன்று கேட்டு அதையும் குடித்தார். காலை முழுக்க அவள் அவர் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு, இதோ வரும், இதோ வரும் என்று மேசைவிரிப்புகளைக் கோணலாக உருளைக்குள் விட்டாள். எதுவும் வரவில்லை. முதலாளி ஒரு டாக்டரோடு உள்ளே நுழைந்தபோது கணக்கர் மறுபடியும் கணக்கராகியிருந்தார், இயந்திரம் இயந்திரமாகியிருந்தது.

டாக்டர் மேசை மேலிருந்த பாட்டிலை முகர்ந்தார். கொஞ்சம் ஊற்றிச் சுவைத்தார்.

“இதுல என்ன கலந்திருக்கு?”

கஞ்சியக்கா இழுத்து இழுத்துச் சொன்னாள்: “உப்பு... சர்க்கரை... எலுமிச்சை.”

“இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்! வேர்வையோட உப்பும் போயிடுது. வெறும் தண்ணியா அளவில்லாம குடிச்சா ரத்தத்துல மிச்சம் இருக்கற உப்பும் நீர்த்துப் போயிடும். தலைவலி வரும், ஆள் தெரியாம உளறுவாங்க, அசந்தா உசுரே போயிடும். உப்பு, சர்க்கரை அளவை மட்டும் நான் சொல்றபடி கலந்துக்குங்க. யாரோட யோசனை இது?”

கஞ்சியக்கா வாயைத் திறந்தாள். ‘என்னோடது’ என்று சொல்லிவிடலாம். எதற்காகக் கலந்தாய் என்று அடுத்த கேள்வி வந்தால்? திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

அந்த இடைவெளிக்குள் தண்ணி சார் கம்பீரமாக நுழைந்தார். “என்னோடதுதான் டாக்டர். நிர்வாகம் ரொம்ப நாளா இதை ஆராய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு.”

முதலாளி கைதட்டினார். கூடமும் தட்டியது.

ஓரகத்தி காதருகே குனிந்தாள். “அக்கா, சும்மா விட்டிருந்தாலே ஆள் அவரா விழுந்திருப்பாரு. நீ போய் உப்பு போட்டு எழுப்பி விட்டுட்டியே!”

“வாயை மூடுடி.”

அடுத்த மாதம் அவரைப் பொது மேலாளராக்கினார்கள்.